வேகம் விழுங்கிய வீரர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

வேகத்தின்மேல் மனிதனுக்கு உள்ள ஆசை மிகப் பழமையானது. குதிரையை அடக்கியவன் தேரைச் செய்தான்; தேரைச் செய்தவன் ரயிலை ஓட்டினான்; பிறகு காரைக் கண்டான். காரைக் கண்ட மறுநாளே இரண்டு கார்களை அருகருகே நிறுத்தி எது முந்தும் என்று பார்க்கத் தொடங்கிவிட்டான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்த ஆசை எத்தனையோ அறிவியல் முன்னேற்றங்களை நமக்குத் தந்திருக்கிறது. எத்தனையோ உயிர்களையும் வாங்கியிருக்கிறது. அவ்வாறு உயிர் கொடுத்தவர்களுள் ஒருவர் பின்லாந்து நாட்டு ஹென்றி டோய்வோனென். 1986ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், தம் 29ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின் ஒரு பந்தயப் பிரிவே மூடப்பட்டது. பெரிய பெரிய கார் நிறுவனங்கள் தங்கள் கடையைக் கட்டிக்கொண்டு போயின.

நம் கல்லூரி மலரில் நாட்டுத் தலைவர்கள், அறிவியல் மேதைகள் ஆகியோரின் வரலாறுகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. இவன் ஏன் ஒரு கார் ஓட்டியின் கதையோடு வந்து நிற்கிறான் என்று பேராசிரியப் பெருமக்களும் தோழர்களும் எண்ணலாம். காரணம் உண்டு. என் தந்தையார் 22 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு விடுதியில் ஒரு நண்பர் தம் கைப்பேசியில் பழைய பந்தயப் படம் ஒன்றைக் காட்டினார். நீலமும் சிவப்புமாகக் கோடுகள் தீட்டிய ஒரு வெள்ளைக் கார், பனி மூடிய மலைச்சாலையில் பாய்ந்து வருகிறது. சாலையின் நடுவிலேயே மக்கள் நிற்கிறார்கள். கார் நெருங்கும் நொடியில் இருபுறமும் விலகுகிறார்கள். எனக்கு நெஞ்சு பதறியது. இதை ஓட்டுகிறவர் யார் என்று கேட்டேன். அன்று தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

ராலி என்பது யாது?

கார்ப் பந்தயம் என்றதும், ஒரே வட்டப்பாதையில் பல கார்கள் ஒன்றை ஒன்று துரத்துவதுதான் நம் நினைவுக்கு வரும். ராலி என்பது அதனின்றும் வேறானது. இங்கே பாதை என்பது ஊர்ச் சாலை, காட்டு வழி, மலை வளைவு, பனிக்கட்டி என்று எதுவாகவும் இருக்கலாம். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது நேர இடைவெளி விட்டுப் புறப்படும். பாதை பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்க்கையில் யாருக்குக் குறைவோ அவரே வென்றவர். ஆகவே ஓட்டுநரின் எதிரி பக்கத்துக் கார் அன்று, கடிகாரம்தான்.

காரில் இருவர் இருப்பர். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு இடமா வலமா, எத்தனை கூர்மை, எத்தனை மீட்டர் தொலைவு என்று படித்துக்கொண்டே வருவார். ஓட்டுநர் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் பாதையைக் கண்டுவிட வேண்டும். ஒருவர் சொல்லை மற்றவர் நம்பாவிட்டால் அந்த வேகத்தில் ஒரு வளைவைக்கூடக் கடக்க இயலாது.

உலக ராலிப் போட்டி 1973இல் தொடங்கியது. அப்போது கோப்பை கார் நிறுவனங்களுக்கு மட்டும்தான். ஓட்டுநர்களுக்கென்று உலக வாகையர் பட்டம் 1979இல்தான் வந்தது. வண்டிக்கு முதலில் பரிசு. வண்டியை ஓட்டியவனுக்கு ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசு! இதைத் தோழர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பிறப்பும் இளமையும்

ஹென்றி 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் பின்லாந்தின் யுவாஸ்குலா என்னும் நகரில் பிறந்தார். புகழ்பெற்ற ஆயிரம் ஏரிகள் ராலி நடைபெறுவது அந்நகரைச் சுற்றித்தான். தந்தை பவுலி டோய்வோனென் தாமே ஒரு பெரிய ராலி வீரர். 1968இல் போர்ஷே கார் ஓட்டி ஐரோப்பிய வாகையர் பட்டம் பெற்றவர். தம்பி ஹாரியும் பின்னாளில் ராலி ஓட்டினார். வீடே ஒரு பட்டறை போல இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

தந்தை பவுலியின் வாழ்வில் ஒரு கசப்பு உண்டு. 1966ஆம் ஆண்டு மோன்டி கார்லோ ராலியில் முதல் மூன்று இடங்களில் வந்தவை மினி கூப்பர் கார்கள். ஆனால் அவற்றின் முன்விளக்குகள் விதிப்படி இல்லை என்று கூறி நடுவர்கள் அவற்றைத் தள்ளிவிட்டனர். பின்னால் வந்த பவுலியின் சிட்ரோயன் காருக்கு வெற்றி கொடுக்கப்பட்டது. ஊரெல்லாம் ஏசிய அந்த வெற்றியில் பவுலிக்குச் சிறிதும் மகிழ்ச்சி இல்லை. கையில் கோப்பை இருந்தும் தலை நிமிர முடியாத நிலை. அப்போது ஹென்றிக்கு ஒன்பது வயது.

இளைஞரான ஹென்றி முதலில் நாட்டம் கொண்டது வட்டப்பாதைப் பந்தயத்தில்தான். அதில் நல்ல பெயரும் எடுத்தார். ஆயினும் 1977க்குப் பின் அவர் ராலியின் பக்கம் முழுமையாகத் திரும்பினார். அதற்கு ஒரு காரணம், வட்டப்பாதைப் பந்தயம் ஆபத்தானது என்று அவருடைய குடும்பத்தார் அஞ்சியதாகும். ராலியே பாதுகாப்பு என்று அவர்கள் நம்பினார்கள். பெற்றோர் மனம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். பிள்ளையை எந்த வழியில் அனுப்பினால் பத்திரமாகத் திரும்புவான் என்று கணக்குப் போடுகிறது. கணக்கு சில வேளைகளில் தவறிவிடுகிறது.

இளம் வெற்றி

1980ஆம் ஆண்டு டால்பட் நிறுவனம் ஹென்றியைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்தில் நடந்த ஆர்.ஏ.சி. ராலி சேறும் மூடுபனியும் நிறைந்த காட்டுப் பாதைகளில் பல நாட்கள் நீள்வது. அதில் ஹென்றியும், குறிப்புப் படித்த பால் வைட்டும், டால்பட் சன்பீம் லோட்டஸ் காரில் முதலிடம் பெற்றனர். அனுபவம் மிக்க ஹன்னு மிக்கோலா இரண்டாவதாக வந்தார். அப்போது ஹென்றிக்கு வயது 24. உலக ராலி ஒன்றை வென்றவர்களுள் மிக இளையவர் என்ற பெருமை அவருக்குக் கிட்டியது. 2008இல் அதே பின்லாந்தின் ஜாரி-மட்டி லாத்வாலா சுவீடன் ராலியில் வெல்லும் வரை, 27 ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சாதனை நிலைத்து நின்றது.

1981இல் ஹென்றியும் பிரெஞ்சு வீரர் கீ ஃப்ரெக்லினும் சேர்ந்து டால்பட் நிறுவனத்துக்கு உலகக் கோப்பையை வாங்கித் தந்தனர். கோப்பை வாங்கித் தந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அடுத்த ஆண்டு டால்பட் முழு அளவில் உலகப் போட்டியைத் தொடரவில்லை. டால்பட்டுக்கு உடைமையான பியூஜோ குழுமம், பியூஜோ என்ற பெயரில் புதிய கார் ஒன்றைக் களமிறக்கத் திட்டமிட்டது. நிறுவனத்தின் கணக்கில் அது சரியான முடிவுதான். ஆனால் உலகக் கோப்பை வென்ற ஓட்டுநர் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. நிறுவனம் விலகுவது என்றால் என்ன என்பதை ஹென்றி முதன்முதல் கண்டது அப்போதுதான்.

1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகள் ஓப்பல் அணியில் ஓட்டினார். ஓப்பல் கார்கள் பின்சக்கரங்களால் மட்டுமே உந்தப்படுபவை. எதிரே நின்ற ஆடி குவாட்ரோ காரிலோ நான்கு சக்கரங்களும் தரையைப் பற்றி உந்தின. சேற்றிலும் பனியிலும் அதற்கு ஈடு கொடுப்பது எளிதன்று. 1984இல் ஐரோப்பியப் போட்டியில் போர்ஷே ஓட்டிப் பல ராலிகளை வென்றார். முதுகுவலி குறுக்கிட்டதால் பட்டம் கைநழுவியது. பிறகு இத்தாலியின் லான்சியா நிறுவனம் அவரை அழைத்தது.

பி பிரிவு

இங்கே சற்று நின்று, அந்தக் காலத்துக் கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இந்தப் பகுதிதான் என்னை மிகவும் ஈர்த்தது. மிகவும் அச்சுறுத்தியதும் இதுவே.

1982இல் உலக மோட்டார் பந்தயக் கழகம் பி பிரிவு என்ற புதிய விதியைக் கொண்டுவந்தது. ஒரு மாதிரியில் 200 கார்கள் செய்தால் போதும். அதைப் பந்தயத்தில் இறக்கலாம். அதன்மேல் இன்னும் மேம்படுத்திய 20 கார்களைச் செய்து அவற்றைக் கொண்டே போட்டியிடலாம். ஆயிரக்கணக்கில் செய்து மக்களுக்கு விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே சந்தையில் விற்கும் கார் போன்ற முகமும், உள்ளே முற்றிலும் வேறான உடலுமாகக் கார்கள் பிறந்தன. என்ஜின் முன்னால் இருந்த இடத்திலிருந்து இருக்கைகளுக்குப் பின்னால் சென்றது. இரும்புத் தகட்டுக்குப் பதிலாக எடை குறைந்த நாரிழைப் பலகைகள் வந்தன. ஆடி, பியூஜோ, லான்சியா, ஃபோர்டு, ஆஸ்டின் ரோவர் முதலிய நிறுவனங்கள் பணத்தைக் கொட்டின. ஞாயிறன்று ராலியில் வெல்லும் கார் திங்களன்று கடையில் விற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

1985இன் இறுதியில் லான்சியா இறக்கிய டெல்டா எஸ்4 இவ்வகையில் உச்சம் எனலாம். அதன் என்ஜின் 1759 கன செ.மீ. கொள்ளளவே உடையது. ஆனால் சூப்பர்சார்ஜர், டர்போ ஆகிய இரண்டையும் ஒருங்கே கொண்டது. டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்துவது. என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது புகையின் விசை போதாது. ஆதலால் டர்போ தூங்கும். அந்த நேரத்தில் என்ஜினாலேயே நேராகச் சுழற்றப்படும் சூப்பர்சார்ஜர் காற்றைச் செலுத்தும். வேகம் கூடியதும் டர்போ பொறுப்பை ஏற்கும். ஆகவே எந்த நிலையிலும் ஆற்றலுக்குக் குறைவில்லை. ஏறத்தாழ 500 குதிரைத்திறன். எடையோ 900 கிலோவுக்கும் குறைவு. நம் சாலைகளில் ஓடிய மாருதி 800 காரின் என்ஜின் 40 குதிரைத்திறனுக்கும் குறைவானது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் மூர்க்கம் விளங்கும்.

வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று முதலாம் ஆண்டிலேயே படித்தோம். அந்த ஆற்றல் எங்கேனும் போய்ச் சேர வேண்டும். பிரேக்கில் வெப்பமாகப் போகலாம். இல்லையேல் மரத்திலோ பாறையிலோ போய் மோத வேண்டும். பி பிரிவின் கார்கள் ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூட்டிக்கொண்டே போயின. சாலைகளோ பழைய சாலைகள். ஓரத்தில் நின்ற மக்களோ காரைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் அளவுக்கு நெருங்கி நின்றார்கள். டெல்டா எஸ்4 காரின் பெட்ரோல் தொட்டிகள் இருக்கைகளுக்குக் கீழே பொருத்தப்பட்டிருந்தன. எடையை நடுவில் தாழ்வாக வைத்தால் கார் நிலையாக நிற்கும் என்பது பொறியியல் விதி. விதி சரியானதே. ஆனால் அந்த நடுவில்தான் இரண்டு மனிதர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

புகழின் உச்சி

1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சார்டினியாத் தீவில் நடந்த ராலியில் ஹென்றியின் கார் விபத்துக்குள்ளாகிக் கழுத்து முள்ளெலும்புகள் முறிந்தன. பல மாதங்கள் படுக்கை. அவர் நலமடைந்துவரும் காலத்தில், மே 2ஆம் நாள், கோர்சிகா ராலியில் அவருடைய அணித்தோழர் அட்டிலியோ பெட்டெகா மரத்தில் மோதி உயிரிழந்தார். பக்கத்தில் இருந்த குறிப்பாளர் பெரிஸ்ஸினோட் பிழைத்தார்.

கழுத்து ஆறியதும் ஹென்றி மீண்டும் வந்தார். நவம்பரில் ஆர்.ஏ.சி. ராலி. டெல்டா எஸ்4 காருக்கு அதுவே முதல் உலகப் போட்டி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தம்மை உலகுக்கு அறிமுகப்படுத்திய அதே ராலியில், குறிப்பாளர் நீல் வில்சனுடன் ஹென்றி மீண்டும் வென்றார். அணித்தோழர் மார்க்கு ஆலென் இரண்டாவதாக வந்தார்.

1986 ஜனவரி. மோன்டி கார்லோ ராலி. அருகில் புதிய குறிப்பாளர் செர்ஜியோ கிரெஸ்டோ. நியூயார்க்கில் பிறந்த இத்தாலிய வழியினர். போட்டியின் நடுவே பொதுச்சாலையில் செல்கையில் எதிரே வந்த ஒரு வெளியார் கார் மோதியதால் ஹென்றியின் கார் நசுங்கியது. மெக்கானிக்குகள் அடித்து நிமிர்த்தி அனுப்பினார்கள். அந்தக் காரைக்கொண்டே, உலக வாகையர் டிமோ சலோனெனை நான்கு நிமிடங்களுக்கு மேல் பின்தள்ளி ஹென்றி வென்றார். தந்தை வெறுப்போடு பெற்ற கோப்பையை இருபது ஆண்டுகளுக்குப் பின் மகன் நேர்வழியில் பெற்றான். டோய்வோனென் என்ற பெயருக்கு இருந்த மாசு நீங்கிவிட்டது என்று தந்தை மகிழ்ந்தாராம். நண்பர் காட்டிய படத்தில் நான் கண்டது இந்த ராலியைத்தான்.

அடுத்து சுவீடனில் முன்னணியில் செல்கையில் என்ஜின் பழுதாயிற்று. ஆயினும் அவ்வாண்டு உலகப் பட்டம் இவருக்கே என்று பலரும் எண்ணினர்.

ஓட்டுநர்கள் விலகிய நாள்

மார்ச் மாதம் போர்த்துகல் ராலி. முதற் கட்டத்திலேயே, சிண்ட்ரா மலைப்பகுதியில் உள்ளூர் வீரர் ஜோக்கிம் சாண்டோஸின் ஃபோர்டு கார், சாலையில் இறங்கி நின்ற மக்களைத் தவிர்க்கத் திரும்பி, கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் புகுந்தது. மூவர் இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

ராலியை நிறுத்த அமைப்பாளர்கள் முன்வரவில்லை. அப்போது ஓர் அரிய செயல் நிகழ்ந்தது. நிறுவன அணிகளின் முன்னணி ஓட்டுநர்கள் எஸ்டோரிலில் ஒரு ஓட்டலில் கூடினர். போட்டி அணிகளைச் சேர்ந்தவர்கள், வெவ்வேறு நாட்டினர், ஒரே தாளில் கையொப்பமிட்டுத் தாங்கள் இனி இந்த ராலியில் ஓட்டப்போவதில்லை என்று அறிவித்தனர். கையொப்பமிட்டவர்களுள் ஹென்றியும் ஒருவர். நிறுவனங்களுக்கு முன்பாக, கழகத்துக்கு முன்பாக, விலக வேண்டிய நேரத்தில் விலகியவர்கள் ஓட்டுநர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

ஆடி நிறுவனம் அந்த விபத்தோடு உலகப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. மற்ற நிறுவனங்கள் தொடர்ந்தன. ஓட்டுநர்களின் ஒற்றுமையும் ஒரு ராலியோடு முடிந்தது. ஒப்பந்தம் இருக்கிறது, பட்டம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது, நான் ஓட்டாவிட்டால் என் இருக்கையில் வேறொருவன் அமர்வான். தனி ஒருவன் விலகுவது அவ்வளவு எளிதா?

கோர்சிகா

மே மாதம் முதல் நாள் கோர்சிகாத் தீவில் ராலி தொடங்கியது. பத்தாயிரம் வளைவுகளின் ராலி என்று அதற்குப் பெயர். ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம், நேர்ச்சாலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஹென்றிக்கு அன்று காய்ச்சலும் தொண்டைவலியும் இருந்தன. இத்தகைய சாலையில் இந்தக் காரை ஓட்டுவது அறிவுடைமை ஆகாது என்ற கருத்தையும் அவர் வெளிப்படுத்தியிருந்தார். ஆயினும் ஓட்டினார். கட்டத்துக்குக் கட்டம் முந்தினார். இரண்டாம் நாள் அவரே முதலிடத்தில் இருந்தார்.

மே 2. பெட்டெகா இறந்து சரியாக ஓராண்டு. பெட்டெகாவின் காரில் இருந்த எண் 4. ஹென்றியின் காரிலும் அதே எண். இதை நான் சகுனமாகச் சொல்லவில்லை. ஓராண்டுக் காலம் எச்சரிக்கை இருந்தது என்பதற்காகவே சொல்கிறேன்.

18ஆம் கட்டம், கோர்ட்டே முதல் தவேர்னா வரை. ஏழாவது கிலோமீட்டரில் இடப்பக்கம் திரும்பும் ஒரு கூரிய வளைவு. ஓரத்தில் தடுப்பு இல்லை. டெல்டா எஸ்4 நேராகச் சென்று பள்ளத்தில் பாய்ந்து தலைகீழாக விழுந்தது. மரங்கள் கிழித்ததில் இருக்கைக்குக் கீழிருந்த தொட்டிகள் உடைந்து கார் தீப்பற்றி எரிந்தது. அருகிலிருந்து கண்டவர் எவரும் இல்லை. மலையிலிருந்து எழுந்த கரும்புகையே செய்தியைச் சொன்னது. உதவிக்கு ஆட்கள் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எஞ்சியது கருகிய குழாய்ச் சட்டகம் மட்டுமே. காய்ச்சலா, களைப்பா, இயந்திரக் கோளாறா என்று சொல்ல ஒரு தடயமும் மிஞ்சவில்லை. ஹென்றியும் செர்ஜியோ கிரெஸ்டோவும் அங்கேயே மாண்டனர். ஹென்றிக்கு மனைவியும் இரு சிறு குழந்தைகளும் இருந்தனர்.

நிறுவனங்கள் விலகுகின்றன

ஒரு நாள் கழிவதற்குள் பந்தயக் கழகத் தலைவர் ழான்-மாரி பாலெஸ்த்ர் அறிவிப்பு வெளியிட்டார். 1987 முதல் பி பிரிவுக் கார்கள் உலகப் போட்டியில் ஓடக் கூடாது. அதற்கு மாற்றாக வகுக்கப்பட்டிருந்த எஸ் பிரிவும் கைவிடப்பட்டது. இனி 5000 கார்கள் செய்து விற்ற மாதிரிகளே ஓடலாம்.

பியூஜோ வழக்குத் தொடுத்தது. பெருஞ்செலவில் செய்த காரைத் தடுக்கலாமா என்பது வாதம். வழக்கில் தோற்று ராலிப் போட்டியை விட்டு விலகியது. அதே காரைச் சற்று மாற்றிப் பாலைவனப் பந்தயமான பாரிஸ்-டாக்கருக்கு அனுப்பியது. 1987 முதல் 1990 வரை நான்கு முறை தொடர்ந்து வென்றது. ஃபோர்டின் ஆர்எஸ்200, ஆஸ்டின் ரோவரின் மெட்ரோ ஆகியவை பிறந்த சில மாதங்களிலேயே ஓய்வு பெற்றன. லான்சியா மட்டும் புதிய விதிக்கேற்ற டெல்டா காரைக் கொண்டுவந்து 1987 முதல் 1992 வரை ஆறு முறை நிறுவனக் கோப்பையை வென்றது. பின்பு அதுவும் விலகியது.

அதன்பின் வந்த வரலாறும் இதுவே. 2008 டிசம்பரில் உலகப் பொருளாதார நெருக்கடியின்போது சுபாருவும் சுசுகியும் விலகின. 2013 முதல் நான்கு ஆண்டுகள் அனைத்தையும் வென்ற ஃபோக்ஸ்வாகன், டீசல் புகை மோசடி வெளியான பிறகு 2016இன் இறுதியில் விலகியது. 2019இல் சிட்ரோயன் விலகியது. ஒவ்வொரு முறையும் ஓர் அறிக்கை, அதில் நன்றி, எதிர்காலத் திட்டம். நிறுவனங்கள் விலகலாம், விரும்பினால் மீண்டும் வரலாம். பியூஜோ வந்தது, சிட்ரோயன் பலமுறை போய் வந்தது. ஓட்டுநருக்கு அந்த வசதி இல்லை.

ஹென்றியை உலகம் மறந்துவிடவில்லை. உலக ராலிகளை வென்ற ஒரே பெண்மணியான மிஷேல் மூட்டோன், 1988இல் வாகையர் பந்தயம் என்ற போட்டியை ஹென்றியின் நினைவாகத் தொடங்கினார். அதில் வெல்பவருக்குக் கிடைப்பது ஹென்றியின் பெயர் தாங்கிய கோப்பை. கோர்சிகாவின் அந்த வளைவில் ஒரு நினைவுக்கல்லும் இருக்கிறது.

என் தந்தையின் கேள்வி

பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இந்தக் கதையை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். என்ஜினைப் பற்றியோ பரிசுத் தொகையைப் பற்றியோ கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் யார், அவன் வீட்டில் யார் இருந்தார்கள்?

எனக்கு வெட்கமாகிவிட்டது. பல மாதங்கள் படித்தும் செர்ஜியோ கிரெஸ்டோவின் பெயரைத் தவிர ஏறத்தாழ வேறொன்றையும் நான் குறித்துவைக்கவில்லை. முப்பது வயது. ஹென்றியை நம்பி, தலையைக் குனிந்து குறிப்பேட்டைப் படித்துக்கொண்டே போனவர். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

என் தந்தை ஏன் அதைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆறு ஆண்டுகளுக்கு முன், நான் ஒன்பதாம் வகுப்பில் படிக்கையில், அவர் மூன்று நாள் காய்ச்சலோடு சிமெண்டு லோடு ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். முடியாது என்று சொல்ல என் தந்தைக்கு மனம் வரவில்லை. என் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. மலைப்பாதை வளைவொன்றில் லாரி கவிழ்ந்தது. தந்தைக்குக் கால் முறிந்தது. எங்கள் தெருவைச் சேர்ந்த கிளீனர் பையன் சிராய்ப்புகளோடு தப்பினான். மருத்துவமனையில் கண் விழித்ததும் என் தந்தை முதலில் கேட்டது அந்தப் பையனைத்தான் என்று அம்மா சொல்வார்.

முதலாளி கெட்டவர் அல்லர். முதல் வாரச் செலவைக் கொடுத்தார். பிறகு, இந்தத் தொழில் இனிக் கட்டாது என்று லாரிகளை விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார். அவர் விலகினார், இப்போது நன்றாக இருக்கிறார். என் தந்தை ஓர் அரிசி ஆலையில் இரவுக் காவல் பார்க்கிறார்; சற்றுக் கால் தாங்கி நடக்கிறார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன்.

முடிவுரை

ஹென்றி டோய்வோனென் ஒரு மாவீரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் வென்ற உலக ராலிகள் மூன்றுதான். ஆனால் அந்த மூன்றையும் அவர் வென்ற விதத்தை இன்றும் பேசுகிறார்கள். எனினும் அவர் செய்தவற்றுள் மிகப் பெரியது எது என்று என்னைக் கேட்டால், மோன்டி கார்லோ என்று சொல்ல மாட்டேன். எஸ்டோரில் ஓட்டலில் அந்தத் தாளில் இட்ட கையொப்பம் என்பேன். அந்த ஒரு நாள் ஓட்டுநர்கள் எல்லாரும் சேர்ந்து நின்றார்கள். இன்னும் இரண்டு மாதங்கள் அவ்வாறே நின்றிருந்தால், கழகம் மே 3ஆம் நாள் எடுத்த முடிவை ஏப்ரலிலேயே எடுத்திருக்கக்கூடும்.

தோழர்களே! நம்முள் பலர் நாளை தொழிற்சாலைகளுக்குச் செல்வோம். சிலர் இயந்திரம் வரைவோம்; சிலர் அதை ஓட்டுவோம்; சிலர் கணக்கு எழுதுவோம். எடையையும் ஆற்றலையும் செலவையும் கணக்கிடும்போது இருக்கையில் அமர்ந்திருப்பவரையும் சேர்த்துக் கணக்கிடுவோம். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரையும் சேர்த்துக்கொள்வோம். காய்ச்சலோடு ஒருவர் வேலைக்கு வந்து நின்றால், அவரைத் திருப்பி அனுப்பும் துணிவு நம்மிடம் இருக்கட்டும். அவர் தாமே கேட்கமாட்டார். என் தந்தை கேட்கவில்லை, ஹென்றியும் கேட்கவில்லை.